"அது சத்து மாத்திரை இல்லை, கண்ணா!" - வலிப்போடு வளரும் மகனிடம் உண்மையைச் சொன்ன ஒரு டெல்டா குடும்பம்

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்குப் போகும் பஸ் ஐந்து ஆறுகளைத் தாண்டும். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பாலமாக எண்ணுவது அந்தப் பத்து வயதுப் பையனுக்குப் பிடித்த விளையாட்டு. பெரிய கோயிலுக்கு, சித்திரைத் தேருக்கு, தீபாவளித் துணி எடுக்க என்று போகும்போதெல்லாம் எண்ணுவான். கடந்த ஐப்பசிக்குப் பிறகு அந்தப் பாலங்கள் மாதாமாதம் வந்தன. பஸ் போய் நிற்பது மருத்துவமனைப் பக்கம். எதற்காகப் போகிறோம் என்பது மட்டும் அவனுக்குச் சொல்லப்படவில்லை.

"மயக்கம் வந்துச்சுல்ல, அதுக்குத்தான்டா. சத்து மாத்திரை தருவாங்க" என்றார் அம்மா. அந்த ஒரு பொய், ஐந்து மாதம் கழித்து அந்தக் குடும்பத்தையே உலுக்கிவிட்டது.

இரண்டு நிமிடம்

ஐப்பசி அடைமழை நாள். விடிந்தும் விடியாத நேரம். பாயில் படுத்திருந்தவனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தபோது அவன் உடம்பு விறைத்து, பிறகு கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கண்கள் மேலே செருகியிருந்தன. வாயோரம் நுரை. பக்கத்தில் படுத்திருந்த யு.கே.ஜி படிக்கும் தங்கை வீறிட்டு அழுதாள்.

அப்பாயி சாவிக்கொத்தைக் கொண்டுவந்து பேரன் கையில் திணித்தார். நாக்கைக் கடித்துவிடுவானோ என்ற பயத்தில் அப்பா ஸ்பூன் காம்பை வாய்க்குள் நுழைத்தார். முன்பல்லில் ஒரு சில்லு பெயர்ந்ததுதான் மிச்சம். இழுப்பு தானாக நின்றது. ஒரு மணி நேரம் அசந்து தூங்கி எழுந்தவன், "ஏன் எல்லாரும் என்னையே பார்க்குறீங்க?" என்று கேட்டான். நனைந்திருந்த டிரவுசரைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

அம்மாவுக்கு அது அரை மணி நேரம் போலத் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் செல்போனில் எடுத்திருந்த வீடியோவைப் பார்த்தால், மொத்தமே இரண்டு நிமிடம்கூட இல்லை. அந்த வீடியோதான் பிறகு டாக்டருக்குப் பெரிய உதவியாக இருந்தது. வலிப்பைப் பொறுத்தவரை, நேரில் பார்த்தவர் சொல்லும் விவரம்தான் முதல் பரிசோதனை.

கார்த்திகையில் இன்னொரு முறை வந்தது. காரணம் எதுவும் இல்லாமல் இரண்டாவது முறை வலிப்பு வந்தால், பொதுவாக அதை வலிப்பு நோய் என்று எடுத்துக்கொண்டு மருத்துவர்கள் மாத்திரையைத் தொடங்குவார்கள். காலை எட்டு மணிக்கு ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று. "குறைஞ்சது ரெண்டு வருஷம். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது. பள்ளிக்கூடத்தில் சொல்லக் கூடாது. பையனுக்கும் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவான்.

வாய்க்காலில் போன மாத்திரைகள்

பங்குனி மாதம், ஐந்தாம் வகுப்பு முடியும் நேரம். காலை பிரேயரில் நின்றுகொண்டிருந்தவன் கீழே சாய்ந்தான். இந்த முறை வலிப்பு எளிதில் நிற்கவில்லை. 108 ஆம்புலன்ஸில் ஊசி போட்டு நிறுத்த வேண்டியிருந்தது.

"மாத்திரை ஒழுங்கா கொடுத்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு வேளைகூட விடலை டாக்டர். என் கையாலதான் கொடுக்குறேன்" என்றார் அம்மா. உண்மைதான். அவர் கையால்தான் கொடுத்தார். வாயில் போட்டானா என்று பார்க்கவில்லை.

டாக்டரம்மா பையன் பக்கம் திரும்பி, "தம்பி, நீ சொல்லு" என்றார். சிறிது நேரம் தலையைக் குனிந்திருந்தவன், "வாய்க்கால்ல போட்டுட்டேன்" என்றான். "சத்து மாத்திரைதானே? அதைச் சாப்பிட்டா கிளாஸ்ல தூக்கம் தூக்கமா வருது. அதான்."

மூன்று வாரமாகக் கொல்லைப்புற வாய்க்காலில் மாத்திரைகள் போய்க்கொண்டிருந்தன. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், முன்பைவிடக் கடுமையான, நீண்ட வலிப்பு வரக்கூடும் என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அதோடு விடவில்லை. இத்தனை நாள் மனதுக்குள் வைத்திருந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டான். "நான் செத்துப்போயிடுவேனா? பாப்பாவுக்கும் ஒட்டிக்குமா?"

பள்ளிக்கூடத்தில் யாரோ, வலிப்பு வருபவன் பக்கத்தில் போனால் ஒட்டிக்கொள்ளும் என்று பேசியிருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் மறைத்ததை அவன் ஏற்கெனவே வெளியில் கேட்டிருக்கிறான், தப்பும் தவறுமாக. சில வாரங்களாகத் தங்கையிடமிருந்து பாயைத் தள்ளிப் போட்டுப் படுத்தது ஏன் என்று அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கோபித்துக்கொண்டு விலகிப் படுக்கிறான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

பிள்ளைக்குச் சொல்லாவிட்டால் பிள்ளை பயப்படாது என்று பெரியவர்கள் நம்புகிறோம். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவதை எந்தப் பிள்ளையும் கவனிக்கும். நாம் சொல்லாமல் விட்ட இடத்தை அதுவே எதையாவது வைத்து நிரப்பிக்கொள்ளும். அப்படி நிரப்புவது பெரும்பாலும் நிஜத்தைவிட பயங்கரமாகத்தான் இருக்கும்.

மதகும் பலகையும்

"பையனுக்குப் புரியுற மாதிரி நீங்களே சொல்லுங்க. நான் சொல்றதைவிட நீங்க சொன்னா நம்புவான்" என்று டாக்டரம்மா அனுப்பிவைத்தார். அப்பா பத்தாவது வரை படித்தவர். மூளை, நியூரான், மின்சாரம் என்றெல்லாம் அவருக்குச் சொல்லத் தெரியாது. அன்று சாயங்காலம் மகனைக் கூட்டிக்கொண்டு வயல் வரப்புக்குப் போனார்.

"மேட்டூர்ல தொறந்த தண்ணி கல்லணைக்கு வருது. அங்கேருந்து ஆத்துக்கு, ஆத்துலேருந்து வாய்க்காலுக்கு. நாம மொறை வச்சுத்தானே பாய்ச்சுறோம்? உன் மூளையிலயும் அப்படித்தான். கையைத் தூக்கு, காலை எடுத்து வைன்னு ஒவ்வொரு சேதியும் மொறை வச்சுப் போவுது. எப்பவாச்சும் ஒரு நிமிஷம் எல்லா மதகும் ஒண்ணா தொறந்துக்குது. வயலு முங்கிப் போவுது. அப்புறம் தண்ணி வடிஞ்சுடும். வயலு அங்கேயேதான் இருக்கும்."

"மாத்திரை எதுக்கு?"

"மதகுல பலகை போடுறோம்ல, அது மாதிரி."

"தெனமும் போடணுமா?"

"தண்ணி வர்ற வரைக்கும் தெனமும் போடணும். ஒரு நாள் விட்டா என்ன ஆவும்னு உனக்கே தெரியும்."

டாக்டர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். மூளையின் நரம்பு செல்கள் மிகச் சிறிய மின் துடிப்புகள் மூலம் பேசிக்கொள்கின்றன. ஒரு கூட்டம் செல்கள் கட்டுப்பாடில்லாமல் ஒரே நேரத்தில் துடிப்பதுதான் வலிப்பு. அது தொற்று கிடையாது. பைத்தியமும் கிடையாது. எச்சில், நுரை, தொடுதல் எதனாலும் ஒட்டாது.

பையனுக்கு இன்னொரு பயம் இருந்தது. இ.இ.ஜி எடுக்க வேண்டும் என்றபோது, தலையில் கரன்ட் வைப்பார்கள் என்று நினைத்துவிட்டான். ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் முதன்முதலாக மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார். அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பரிசோதனை செய்வது ஒன்றுதான்: மூளையிலிருந்து வருவதை வாங்கிக் கோடுகளாக வரையும், உள்ளே எதையும் அனுப்பாது. "தலையில பசை தடவுவாங்க, வீட்டுக்கு வந்து ஷாம்பூ போட்டுக் குளிக்கணும், அவ்வளவுதான்" என்று அம்மா சொன்னதும் சிரித்துவிட்டான். ஸ்கேனில் பழுது எதுவும் தெரியவில்லை. வலிப்பு வரும் பல குழந்தைகளுக்கு அப்படித்தான், காரணம் கண்ணில் படாது. "சின்னதுல கட்டிலேருந்து விழுந்தானே, அதுவா? கிரகணத்தன்னிக்கு நான் வெளியில போனேனே, அதுவா?" என்று அம்மா தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்ததை அன்றோடு நிறுத்தினார்.

சில குழந்தைகளுக்குக் காரணம் தெரியும். பிரசவ நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தது, மூளைக்காய்ச்சல், தலையில் பலத்த அடி, மரபணு என்று பல இருக்கின்றன. நம் நாட்டில் இன்னொன்றும் முக்கியம். நாடாப்புழுவின் முட்டை கழுவாத கீரை, காய்கறி, அசுத்தமான தண்ணீர் வழியாக வயிற்றுக்குள் போய், மூளையில் சிறு கட்டியாகத் தங்கிவிடுவது. பன்றி இறைச்சியைத் தொடாத சைவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இது வரும். கை கழுவுவதும் கழிப்பறையைப் பயன்படுத்துவதும் வலிப்பைத் தடுக்கும் வழிகள் என்பது பலருக்குத் தெரியாது.

அப்பாயியின் வேண்டுதல்

திருச்சி அருகே கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருவாசி. கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளைப் பிடித்திருந்த 'முயலகன்' நோயைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்த தலம் என்று பெரிய புராணம் சொல்லும் ஊர். முயலகன் என்றால் வலிப்பு. நடராஜர் காலடியில் கிடக்கும் அந்தக் குள்ள உருவத்தின் பெயரும் முயலகன்தான். வடமொழியில் அபஸ்மாரன். ஆயுர்வேதம் வலிப்பு நோய்க்கு வைத்திருக்கும் பெயர் அபஸ்மாரம். ஆயிரம் வருடங்களுக்கு முன்பே இந்தக் காவிரிக்கரையில் வலிப்பு வந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தவித்த பெற்றோர் இருந்திருக்கிறார்கள்.

அப்பாயிக்கு அங்கே போக வேண்டும் என்று ஆசை. டாக்டரம்மா தடுக்கவில்லை. "தாராளமா போயிட்டு வாங்க. மாத்திரையை மட்டும் பையில எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

வைகாசியில் போனார்கள். அந்தக் கோயில் நடராஜரின் காலடியில் முயலகன் இல்லை, பாம்புதான் இருக்கிறது. "எங்கே அப்பாயி முயலகன்?" என்று பேரன் கேட்டுக்கொண்டே வந்தான். அடுத்த மாதம் மருத்துவமனைக்குப் போன நாளில், தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போய் சோழர் காலத்து நடராஜரைக் காட்டினார் அப்பாயி.

பையன் குனிந்து பார்த்தான். "இவன் சாகலையே அப்பாயி. தலையைத் தூக்கிக்கிட்டுத்தானே கெடக்கான்?"

"சாமி அவனைக் கொல்லலடா. காலால அமுக்கி வச்சிருக்கு. காலை எடுத்தாத்தானே எந்திரிப்பான்?"

"அப்ப மாத்திரைதான் கால்" என்றான் பையன்.

கூட்டு மருந்து, மந்திரிப்பு, தாயத்து என்று ஏற்கெனவே நாலு இடம் அலைந்திருந்த அப்பாயி, அன்றைக்கு அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் இரவு எட்டு மணிக்கு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைப்பது அவர் வேலையாகிவிட்டது.

புதுப் பள்ளிக்கூடம்

ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி. மறுபடியும் அதே கேள்வி: சொல்வதா, வேண்டாமா? சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்று அப்பாவுக்குப் பயம். இந்த முறை பையனே, "சொல்லிடுங்கப்பா. அன்னிக்கு மாதிரி எல்லாரும் சுத்தி நின்னு பார்க்கக் கூடாது" என்றான்.

முதல் நாளே வகுப்பு ஆசிரியையைச் சந்தித்தார்கள். டாக்டரம்மா ஒரு பக்கத் தாளில் எழுதிக் கொடுத்திருந்ததை நீட்டினார்கள். ஆசிரியை அதை வகுப்பிலேயே பாடமாக நடத்தினார். யார் பெயரையும் சொல்லவில்லை. 'யாருக்காவது வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்?' என்பது தலைப்பு. அந்தத் தாளில் இருந்தவை இவைதான்:

• முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
• பக்கத்தில் இருக்கும் கூர்மையான, கடினமான பொருள்களை அகற்றுங்கள். தலைக்கு அடியில் மடித்த துண்டோ, பையோ வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள்.
• ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழிந்துவிடும், மூச்சு அடைக்காது.
• வாயில் எதையும் வைக்காதீர்கள். ஸ்பூன், துணி, விரல், தண்ணீர் எதுவும் கூடாது.
• கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள்.
• முழு நினைவு திரும்பும்வரை கூடவே இருங்கள். கூட்டத்தை விலக்குங்கள்.
• 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு வருவதற்குள் மறுபடி வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, தண்ணீருக்குள் வந்திருந்தாலோ, முதல் முறையாக வந்திருந்தாலோ உடனே 108-க்கு அழையுங்கள்.

"இரும்பு கொடுக்க வேணாமா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடும். அந்த நேரத்துக்குள் கையில் சாவியைக் கொடுத்தாலும், வெங்காயத்தைக் கொடுத்தாலும், அதனால் நின்றதுபோலத்தான் தெரியும். சாவி தேடி ஓடும் நேரத்தில் பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைக்கலாம்.

வலிப்பு எப்போதும் விழுந்து துடிப்பதாகவே இருக்காது என்பதையும் ஆசிரியர்கள் தெரிந்துகொள்வது நல்லது. சில பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடிகள் வெறித்துப் பார்ப்பார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்வார்கள். ஒரு நாளில் பலமுறை இப்படி வரலாம். 'கவனமில்லை, பகல் கனவு காண்கிறான்' என்று அடி வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் இருப்பது வலிப்பு. அதேபோல, ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் காய்ச்சலின்போது மட்டும் வரும் வலிப்பு பெரும்பாலும் வலிப்பு நோய் ஆகாது. இரண்டையும் பிரித்துச் சொல்ல டாக்டரால்தான் முடியும்.

பையனுக்கு கிரிக்கெட் உயிர். "இனிமே விளையாடவே கூடாதா?" என்று ஏங்கியவனுக்கு, மாமா செல்போனில் ஒரு பழைய வீடியோ காட்டினார். 1992 உலகக் கோப்பையில் பந்தோடு பாய்ந்து ஸ்டம்பைத் தகர்த்து இன்சமாம் உல் ஹக்கை ரன் அவுட் செய்த ஜான்டி ரோட்ஸ். "இவருக்கும் வலிப்பு இருக்குடா" என்றார் மாமா. அந்த வீடியோவை அவன் எத்தனை முறை பார்த்தான் என்று கணக்கில்லை.

வீட்டில் பெண் பிள்ளைக்கு வலிப்பு என்றால் மறைப்பது இன்னும் அதிகம். 'நாளைக்கு கல்யாணம் ஆகணுமே' என்ற கவலை. ஒரு காலத்தில் இந்து திருமணச் சட்டமே, அடிக்கடி வலிப்பு வருவதைத் திருமணத்துக்குத் தடையாக எழுதிவைத்திருந்தது. 1999-ல் அந்தச் சொல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. வலிப்பு உள்ள பெண்கள் திருமணம் செய்துகொள்ளலாம், குழந்தை பெறலாம். சில மாத்திரைகள் கருவைப் பாதிக்கும் என்பதால், கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் பேச வேண்டும். மறைத்து மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

ஆடிப்பெருக்கு

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனியில் ஒரு முறை வலிப்பு வந்தது. திருவிழாவில் இரவு முழுக்கத் தூங்காமல் இருந்த மறுநாள். தூக்கம் கெடுவது, காய்ச்சல், மாத்திரையைத் தவறவிடுவது ஆகியவை வலிப்பைத் தூண்டக்கூடியவை. டாக்டரம்மா மாத்திரை அளவைக் கொஞ்சம் கூட்டினார். கொஞ்ச நாள் பையன் சிடுசிடுவென்றிருந்தான். அதையும் டாக்டரிடம் சொல்லச் சொன்னார், சொன்னார்கள். உலக அளவில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவிகிதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எழுபதில் தன் மகன் இருக்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் தினசரி வேண்டுதல்.

ஆடிப் பதினெட்டு வந்தது. கூட்டாளிகள் எல்லோரும் ஆற்றில் குதிக்கப் போனார்கள். அப்பா "தண்ணிப் பக்கமே போகக் கூடாது" என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அந்தப் பயம் நியாயமானது. வலிப்பு உள்ளவர்கள் தண்ணீரில் மூழ்கும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். வீட்டுக்கு நாலு பக்கமும் ஆறும் வாய்க்காலும் குளமும் உள்ள ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. முழங்கால் அளவுத் தண்ணீர்கூட, முகம் குப்புற விழுந்தால் போதும்.

பையன் சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். "நான் தண்ணியில குதிக்கலப்பா. படித்துறையில நிக்கணும், அவ்வளவுதான்."

போன முறை டாக்டரம்மா சொன்னது அம்மாவுக்கு நினைவிருந்தது. தனியாகத் தண்ணீரில் இறங்கவே கூடாது. ஆழத்துக்குப் போகக் கூடாது. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர், கையெட்டும் தூரத்தில், கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். வீட்டில் தாழ்ப்பாள் போடாமல், வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளிக்க வேண்டும். கிணற்றடி, மாடி விளிம்பு, மரம், எரியும் அடுப்பு ஆகியவற்றிலும் அதே கவனம். 'கூடாது' என்பதன் பட்டியலை மட்டும் நீட்டிக்கொண்டே போனால் பிள்ளை ஒளித்துச் செய்யத் தொடங்கும். மாத்திரை விஷயத்தில் பட்ட பாடே போதும்.

திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் அன்று நிற்க இடமில்லை. பெண்கள் காதோலை, கருகமணி வைத்துக் காவிரித்தாயைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் குறைந்த ஓரமாகப் பார்த்து, அப்பா முதலில் இறங்கினார். கணுக்கால் நனையும் படியில் மகனை நிற்கவைத்து, அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சொம்பில் மொண்டு தலையில் ஊற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பையன் சொம்பை எண்ணினான். அப்பா ஒரு தடவைகூடக் கையை விடவில்லை. பையனும் விடச் சொல்லவில்லை.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு அப்பாயி கூப்பிடுவதற்கு முன்பே வந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டான். தங்கை அவன் பாய்க்குப் பக்கத்தில் தன் பாயை இழுத்துப் போட்டாள். அவளுக்கு இப்போது ஒரு புது விளையாட்டு. அண்ணன் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ள வேண்டும். அவள் அவனை ஒரு பக்கமாகப் புரட்டி, தலைக்கு அடியில் தலையணை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

"வாய்க்குள்ள ஒண்ணும் வைக்கக் கூடாது, சரியா?" என்றான் அண்ணன், கண்ணைத் திறக்காமலே.

"தெரியும்டா. நீ பேசாத" என்றாள் தங்கை.